இரவு இரண்டு மணிக்கு எடுக்கக் கூடாத முடிவு

கேள்வி: எனக்கு 47 வயது. 19 வருடமாக ஸ்டாண்ட்-அப் காமெடிதான் தொழில். பார்த்துக்கொண்டிருந்த அலுவலக வேலையை 28 வயதில் விட்டுவிட்டு இதற்கு வந்தேன். பெயரைச் சொன்னால் சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. வருடத்தில் 110 இரவாவது வெளியூரில்தான். ஆறு வருடமாக எனக்குக் கிடைக்கும் தொகை ஏறவே இல்லை. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் ஒரு நிமிட வீடியோ போட்டு அரங்கத்தை நிரப்புகிறார்கள். ஷோ முடிந்து அறைக்குப் போனால் மூன்று மணி வரை தூக்கம் வராது, கொஞ்சம் குடித்தால்தான் வருகிறது. போன மாதம் 300 பேர் உட்காரும் அரங்கில் 40 பேருக்கு முன்னால் 40 நிமிடம் நின்றேன். ஒரு சிரிப்புகூட முழுசாக வரவில்லை. அன்று இரவே 280 கிலோமீட்டர் காரோட்டி வீடு திரும்பும்போது ஒரு கணம் கண் மூடிவிட்டது. டயர் சாலையோரச் சரளையில் ஏறிய சத்தத்தில்தான் விழித்தேன். வீட்டில் சொல்லவில்லை. என் 14 வயது மகளைப் பற்றிப் பேசும் ஏழு நிமிடம்தான் இப்போது என் செட்டிலேயே, அதாவது மேடையில் நான் சொல்லும் மொத்தப் பகுதியிலேயே, நன்றாக எடுபடுகிறது. அவள் போன வாரம், "என்னைப் பத்தி மேடையில பேசாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். மனைவி எதுவுமே சொல்வதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா? விட்டால் நான் யார்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி இரண்டு கேள்விகளுக்குத்தான் நீங்கள் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, அந்தச் சரளைச் சத்தம், அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதையெல்லாம் பேசுவதற்கு நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

1997ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் எந்த அளவு சேர்ந்து இயங்குகின்றன என்று அளந்தார்கள். இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் தடுமாற்றம் அவரிடம் இருந்தது. பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டினால் வண்டி ஓட்டுவதே குற்றம். விழிப்பு 24 மணி நேரமாக நீண்டால் தடுமாற்றம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. உங்கள் நாளைக் கணக்குப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு எழுந்திருந்தால், இரவு பத்தரைக்கு மேடையை விட்டு இறங்கி, நாலு பேரிடம் பேசி முடித்து, நள்ளிரவில் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதே 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. போதாததற்கு, இரவு இரண்டிலிருந்து ஆறு வரை உடல் தானாகவே தூக்கத்துக்குச் சாயும் நேரம். ஜன்னலைத் திறந்து விடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. வேறு வழியே இல்லாமல் நடுவழியில் சிக்கிக்கொண்டால், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். இது அவசரத்துக்கு மட்டும். ஷோ முடிந்த இரவில் நீண்ட தூரம் வண்டி ஓட்டுவதில்லை என்ற முடிவை இன்றைக்கே எடுங்கள். தங்குமிடச் செலவு ஏற்பாட்டாளருடையது, அது பேசிய தொகைக்கு மேல் தனியாக வரவேண்டும். தரமாட்டோம் என்றால் அந்த ஷோ உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

உறங்கும்போது பலமாகக் குறட்டை விடுவதாக மனைவி எப்போதாவது சொல்லியிருந்தாலோ, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கினாலோ, மருத்துவரிடம் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் கோளாறு நடுவயது ஆண்களிடம் அதிகம். எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்பு போகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இருந்தால், நல்ல சிகிச்சை இருக்கிறது.

இனி, அந்த மூன்று மணி விழிப்புக்கு வருகிறேன். மேடைக் கலைஞர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்ததில் நான் அடிக்கடி கேட்ட வாக்கியம் இதுதான்: "முடிஞ்சதும் செத்த மாதிரி இருக்கு, ஆனா தூக்கம் வரல." மேடையில் நிற்கும் 40 நிமிடமும் உடல் ஒரு ஆபத்தை எதிர்கொள்வதுபோல்தான் இயங்குகிறது. அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, உடல் சூடாகிறது. விளக்கு அணைந்ததும் அரங்கம் காலியாகிவிடும், உடலுக்கு அப்படி அணைத்துவிடும் சுவிட்ச் கிடையாது. அடங்க இரண்டு, மூன்று மணி நேரம்கூட எடுக்கும். மது அந்த இடைவெளியை உடனே மூடிவிடுவதுபோல் தோன்றும். தூங்க வைக்கும், உண்மைதான். ஆனால் இரவின் பின்பாதியில் தூக்கத்தைத் துண்டுதுண்டாக வெட்டும். கனவு காணும் தூக்கத்தைக் குறைக்கும். விடியும் முன்பே படபடப்போடு எழுப்பிவிடும். அடுத்த நாள் அந்தக் களைப்பைத் தாண்ட மாலையில் காபி குடிப்பீர்கள். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக் காபி இரவு பதினொன்றுக்கும் உள்ளே பாதி இருக்கும். இப்படி ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே போகிறது. வெந்நீரில் குளித்துவிட்டு, விளக்கைக் குறைத்து, அன்றைய ஷோவைப் பற்றி இரண்டே வரி எழுதி நோட்டை மூடுங்கள். ஒலிப்பதிவைக் காலையில் கேட்கலாம், இரவில் வேண்டாம். தூக்கம் வரும் வரை விழித்திருந்தால் பரவாயில்லை, காலையில் தாமதமாக எழுந்துகொள்ளும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். குடிக்காமல் ஒரு வாரம் இருக்க முயன்று முடியவில்லை என்றால், கை நடுக்கமோ வியர்வையோ வந்தால், தனியாகப் போராடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் சிலருக்கு ஆபத்து. அது மருத்துவர் துணையோடு செய்ய வேண்டியது.

'விட்டுவிடலாமா' என்ற கேள்வி எந்த நேரத்தில் உங்களுக்குள் எழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதியதிலிருந்து ஊகித்தால், ஷோ முடிந்த பிறகு, தனி அறையில், இரவு இரண்டு மணி சுமாருக்கு. அந்த நேரத்தில் கேட்டால் எந்த வாழ்க்கையும் தோற்றுப்போனதாகத்தான் தெரியும். வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்த காலை நேரத்திலும் அதே கேள்வி அதே கனத்தோடு வந்தால் அதற்கு மரியாதை கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல், வீட்டில் இருக்கும் நாட்களிலும், எதிலும் பிடிப்பில்லாமல், சோர்வாக, பசி தூக்கம் கெட்டுப்போய் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தால்கூட அன்றே மனைவியிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறரைச் சிரிக்க வைப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்கித் தயங்கியே நாளைக் கடத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

என் கணிப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நகைச்சுவையின் மேல் வெறுப்பு ஒரு வரியில்கூட இல்லை. நீங்கள் அடுக்கிய துன்பங்களில் முக்கால்வாசி பயணத்தைப் பற்றியவை: இரவு ஓட்டம், தனி அறை, குடி, வீட்டில் இல்லாத 110 இரவுகள். கலையும் பயணமும் ஒன்று என்று 19 வருடமாக நினைத்துவிட்டதால், பயணத்தின் மேல் வந்த அலுப்பைக் கலையின் மேல் வந்த அலுப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அந்த 300 இருக்கை அரங்கத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் அதை உங்கள் திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரிப்பைப் பற்றிப் பல ஆண்டு ஆராய்ந்த ராபர்ட் ப்ரோவைன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். சிரிப்பு பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஒட்டிக்கொள்வது. 300 நாற்காலியில் 40 பேர் சிதறி உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் ஏறக்குறைய தனியாக இருப்பதுபோல்தான். வலப்பக்கம் நாலு காலி நாற்காலி, இடப்பக்கம் மூன்று. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றும்? சிரிக்க நினைத்தவருக்கும் தன் குரல் மட்டும் தனித்துக் கேட்டுவிடுமோ என்ற கூச்சம் வந்துவிடும். அதே 40 பேர், தாழ்வான கூரையுள்ள 50 இருக்கை அறையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பார்வையாளர் பக்கம் இருட்டாகவும் மேடை மட்டும் வெளிச்சமாகவும் இருக்க உட்கார்ந்திருந்தால், அன்று நீங்கள் பேசிய அதே வரிகளுக்கு அறை அதிர்ந்திருக்கக் கூடும். இது உங்களுக்கும் தெரியும். 19 வருட அனுபவம் இருக்கிறது. தெரிந்திருந்தும் அன்று ஏற்பாட்டாளரிடம் பின்வரிசைகளை மறித்துக் கயிறு கட்டச் சொல்லவில்லை, எல்லோரையும் முன்னால் வந்து உட்காரும்படி கேட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். களைத்த மனிதன் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை, கிடைத்ததை வைத்துக்கொண்டு சமாளிக்கிறான். இனி ஒப்புக்கொள்ளும்போதே எத்தனை டிக்கெட் போயிருக்கிறது, இருக்கை எப்படி, விளக்கு எப்படி, ஷோ நடக்கும்போது சாப்பாடு பரிமாறுவார்களா என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து ஒப்புக்கொள்ளுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். உங்கள் தொழிலில் எல்லோரும் 'ஒரு ஷோவுக்கு இவ்வளவு' என்றுதான் பேசுகிறீர்கள். வீட்டு வாசலை விட்டு இறங்கியதிலிருந்து மறுபடி வாசலில் கால் வைக்கும் வரை ஆன நேரத்தை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். காலை பத்து மணிக்குக் கிளம்பி மறுநாள் பிற்பகல் இரண்டுக்குத் திரும்பினால், 40 நிமிட ஷோவுக்கு 28 மணி நேரம் செலவாகியிருக்கிறது. வாங்கிய தொகையிலிருந்து போக்குவரத்து, தங்கல், சாப்பாடு, வரி எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தை 28 ஆல் வகுங்கள். கடந்த 12 மாதத்தின் ஒவ்வொரு ஷோவுக்கும் இதைச் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பயணக் கலைஞர்கள் பலரோடு இந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டிருக்கிறேன். பெரும்பாலும் தெரியவந்தது இதுதான்: வருமானத்தின் பெரும்பகுதி கொஞ்சம் ஷோக்களிலிருந்து வருகிறது, மற்றவை 'மறந்துவிடுவார்களோ' என்ற பயத்துக்காக ஓடிய ஓட்டம். உங்கள் கணக்கிலும் அப்படித் தெரிந்தால், தொலைதூரத்துத் தனி ஷோவை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே வழியில் அடுத்தடுத்து மூன்று நாள் கிடைத்தால் மட்டும் போவது, முன்பணம் வராமல் தேதியை உறுதிசெய்யாமல் இருப்பது, கடைசி நேரத்தில் ரத்தானால் பாதித் தொகை என்று எழுதி வாங்குவது, இவை உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் நியாயமானவை. இப்படிக் கேட்பது தலைக்கனம் என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். 1979ல் லாஸ் ஏஞ்சல்ஸில் புகழ்பெற்ற காமெடி கிளப் ஒன்றில், அது பயிற்சிக்கூடம்தானே என்ற காரணம் சொல்லிக் கலைஞர்களுக்கு ஊதியமே தராமல் இருந்தார்கள். கலைஞர்கள் சுமார் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் மேடையேறுவதற்குக் காசு வந்தது. யாராவது ஒருவர் கேட்டதால்தான் உங்கள் தொழிலில் ஊதியம் என்ற ஒன்றே நிலைத்தது.

ஒரு நிமிட வீடியோ போடும் இளைஞர்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அவர்கள் உங்கள் இடத்தைப் பிடுங்கவில்லை. நீங்களும் நல்ல ஷோக்களைப் பதிவுசெய்து மாதம் இரண்டு வீடியோத் துண்டு போடுங்கள், எடிட் செய்யத் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்தே செய்யுங்கள். பார்வை எண்ணிக்கையை இரவில் பார்க்காதீர்கள்.

நடுவயதில் வந்தவர்கள், திரும்பி வந்தவர்கள் இந்தக் கலையில் உண்டு. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஃபிலிஸ் டில்லர் 1955ல் சான் பிரான்சிஸ்கோவில் 'பர்ப்பிள் ஆனியன்' என்ற சிறிய கிளப்பில் முதன்முதலாகத் தொழில்முறையில் மேடையேறியபோது அவருக்கு 37 வயது, ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். இரண்டு வாரத்துக்கு என்று அழைக்கப்பட்டவர் அங்கேயே 89 வாரம் நடத்தினார். 1921ல் பிறந்த ராட்னி டேஞ்சர்ஃபீல்ட் இளவயதில் மேடையில் எடுபடாமல் விலகி, வீட்டுச் சுவர்களுக்கு அடிக்கும் அலுமினியத் தகடு விற்று, 40 வயதை ஒட்டித் திரும்பி வந்தவர். 1967ல் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கிடைத்த வாய்ப்புதான் அவரை ஊருக்குக் காட்டியது. விடாமல் இருந்தால் உங்களுக்கும் இப்படி நடக்கும் என்று நம்பிக்கை கொடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி ஒரு வாக்கை யாராலும் தர முடியாது. ராட்னி அடுத்துச் செய்ததைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். 1969ல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து நியூயார்க்கில் சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார், ஓயாமல் ஊர் சுற்றாமல் ஒரே இடத்தில் தொடர்ந்து மேடையேறுவதற்காக. கலையை விடாமல் பயணத்தை மட்டும் குறைத்தார்.

உங்களிடம் கிளப் தொடங்கப் பணம் இருக்காது, தேவையும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள், மாதம் இரண்டு முறை, ஒரே சிறிய அறையில், உங்கள் பெயரில் ஒரு நிரந்தர இரவு. நீங்களே தொகுத்து, இளைஞர்கள் மூன்று பேருக்கு மேடை கொடுத்து, கடைசியில் நீங்கள் 30 நிமிடம். முதல் நாலு மாதம் கையைக் கடிக்கும். ஆனால் ஒரே கூட்டம் திரும்பத் திரும்ப வந்தால் பழைய செட்டை ஓட்ட முடியாது, புதிதாக எழுதியே ஆகவேண்டும். ஊர் ஊராகப் போகிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதே 40 நிமிடத்தை வருடக்கணக்கில் ஓட்டலாம். அந்த ஏழு நிமிடம் மட்டும்தான் நன்றாக எடுபடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, மற்ற 33 நிமிடம் எவ்வளவு பழையது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. புதியதை எழுதினால் இரண்டு உறுதியான பகுதிகளுக்கு நடுவில் வைத்துச் சோதியுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் வைக்காதீர்கள். இதோடு, பிறருக்கு எழுதிக் கொடுப்பது, நிகழ்ச்சி தொகுப்பது, மேடைப் பேச்சு கற்றுக்கொடுப்பது என்று வாரத்தில் இரண்டு நாளுக்கு நிலையான வருமானம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். 'விட்டால் நான் யார்' என்ற கேள்வி இவ்வளவு பயமுறுத்துவதற்குக் காரணம், மேடை ஒன்றைத்தான் நீங்கள் 'நான்' என்று வைத்திருப்பது. இன்னும் இரண்டு வேலை அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளட்டும்.

மனைவியின் மௌனத்துக்கு நான் பொருள் சொல்லப்போவதில்லை, அது எனக்குத் தெரியாத மனிதரைப் பற்றிய ஊகமாகிவிடும். ஆனால் சரளைச் சத்தத்தை அவரிடம் சொல்லுங்கள், இந்த வாரமே. நீங்கள் அவரிடமிருந்து இவ்வளவு பெரிய ஒன்றை மறைத்துக்கொண்டே அவர் பேசுவதில்லை என்று பயப்படுகிறீர்கள். ஆறு மாதம் என்று ஒரு கால அளவை இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். 110 இரவை ஆண்டுக்கு 60 என்ற கணக்குக்குக் கொண்டுவருவது, வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு தந்தே தீருவது. அந்த ஆறு மாதம் முடியும் நாளில், பகல் வெளிச்சத்தில், இருவருமாக உட்கார்ந்து, தொடர்வதா விடுவதா என்று முடிவெடுங்கள். அப்போது விடுவது என்று முடிவானால் அதையும் மரியாதையான முடிவாகவே நான் பார்ப்பேன்.

மகள் விஷயத்துக்கு மட்டும் ஆறு மாதம் கிடையாது. அந்த ஏழு நிமிடத்தை அடுத்த ஷோவிலேயே எடுத்துவிடுங்கள். 14 வயதில் ஒரு பிள்ளை தன் உடல், தன் நண்பர்கள், தன் கூச்சங்கள் எல்லாவற்றையும் யாரும் பார்க்காத இடத்தில் வைத்துப் புதிதாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் முகம் தெரியாத கூட்டம் அவளைப் பற்றிச் சிரிக்கிறது, அதைச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. "அன்பாகத்தானே சொல்கிறேன்" என்று உங்களுக்குத் தோன்றலாம், சொல்லும் விதத்தில் அன்பு இருக்கலாம், கேட்பவர்களும் அவளை நேசிக்கலாம். ஆனாலும் அவள் வேண்டாம் என்றாள். இன்னொன்றையும் யோசியுங்கள். 110 இரவு வீட்டில் இல்லாத அப்பாவிடம் ஒரு பிள்ளை மனம்விட்டு ஏதாவது சொன்னால் அது அடுத்த ஊரில் கைதட்டலாகிவிடும் என்றால், அவள் மெல்ல மெல்ல எதையும் சொல்லாமல் போய்விடுவாள். ஒருவேளை அது தொடங்கியும் இருக்கலாம். ஆனால் அவள் இன்னும் உங்களிடம் நேராக வந்து, "பேசாதீங்கப்பா" என்று கேட்கிறாள். கேட்டால் அப்பா செய்வார் என்று நம்புகிற பிள்ளைதான் கேட்கும்.

எடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லும்போது விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். அது எவ்வளவு நல்ல பகுதி, அதை இழப்பதால் எவ்வளவு நஷ்டம் என்று சொல்லி அவளைக் கடனாளியாக்காதீர்கள். பதிவான வீடியோக்களில் அது இருந்தால் நீக்க முடிந்தவற்றை நீக்கிவிட்டு, எவை நீக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். "நீ சொன்னது சரி, எடுத்துட்டேன்மா" என்பது போதும். பிறகு அவள் எதைப் பற்றிப் பேசினாலும் கேளுங்கள், நோட்டை எடுக்காமல்.